பார்க்கப் போன இடத்தில் கும்பிடலாமா?



நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஜப்பான் செல்வது இந்நாளில் அபூர்வமன்று. போனவர்கள் விடுமுறையில் நாரா நகரத்தைச் சுற்றிப் பார்க்காமல் இருப்பதில்லை. அங்கே பௌத்த ஆலயத்தையும் ஷிண்டோ கோவிலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கத்தோலிக்கர் அங்கெல்லாம் போகலாமா? போனால், பிறர் செய்வதை நாமும் செய்யலாமா?

முதலில் அங்கே இருப்பதை அறிவோம். தோடாய்ஜி என்னும் பௌத்த ஆலயத்தில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் சிலை உண்டு. 752-ஆம் ஆண்டில் அதற்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் நம் பாரத நாட்டிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அங்கிருந்து மரங்களினூடே நடந்தால் கசுகா என்னும் ஷிண்டோ கோவில் வரும். கல்லிலும் வெண்கலத்திலுமாகச் சுமார் 3,000 விளக்குகள் அதற்கு உண்டு. ஷிண்டோ கோவிலுக்கு வருகிறவர்கள் கையையும் வாயையும் நீரால் சுத்திசெய்து, சந்நிதி முன் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்குவது பொதுவான வழக்கம்.

இவற்றைப் பார்ப்பதில் பாவமில்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஆகையால் கேலியும் கூச்சலும் வேண்டாம். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்தில் கழற்றுங்கள். வேண்டிக்கொண்டு நிற்பவர் முகத்துக்கு நேரே படம் பிடிக்காதீர்கள்.

கைதட்டிக் கும்பிடுவதோ? "மனதில் விசுவாசம் இருந்தால் போதாதா, சுவாமி? கைதானே தட்டுகிறது" என்பார் சிலர். இதற்கு ஜப்பானிய கிறிஸ்தவர்களின் சரித்திரமே பதில் சொல்லும். 17-ஆம் நூற்றாண்டு தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, சேசுநாதர் அல்லது தேவமாதாவின் உருவத்தை மிதிக்கும்படி அதிகாரிகள் மக்களைக் கட்டாயப்படுத்தினார்கள். கேட்டது ஒரு காலடி மாத்திரமே. மறுத்து உயிர் விட்டவர்கள் உண்டு. மிதித்துவிட்டு, வீட்டில் மறைவாக மனஸ்தாப ஜெபம் சொன்னவர்களும் உண்டு. சரீரத்தின் செய்கை வெறுமையானதன்று என்பது இரு சாராருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் தலைவணங்குவதெல்லாம் ஆராதனையுமன்று. அரசு விழாக்களில் ஷிண்டோ கோவிலில் தலைவணங்குவது நாட்டுப்பற்றின் அடையாளமாகவே கருதப்பட்டதால், ஜப்பானிய கத்தோலிக்கருக்கு 1936 மே 26-இல் உரோமைச் சபை அதை அனுமதித்தது. அந்தச் செய்கைக்கு அந்த இடத்தில், அந்த மக்களிடத்தில் என்ன அர்த்தம் என்று பார்ப்பதே அளவுகோல். ஒருவர் வரவேற்று வணங்கினால் பதிலுக்கு வணங்குவது மரியாதை. சந்நிதி முன் கைதட்டி வணங்குவதோ அங்கே வேண்டுதல். அது நமக்குரியதன்று.

வேடிக்கைக்காகச் செய்தேன் என்பது குற்றத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அந்நியர் ஒருவர் நம் பீடத்தண்டை வந்து, விளையாட்டாகத் திவ்விய நற்கருணையை வாங்கினால் நம் நெஞ்சு பதறாதா? சர்வேசுரனுக்குரியதை வேறெங்கும் கொடுக்கலாகாது. அயலான் பயபக்தியோடு செய்வதை நாம் விளையாட்டாக்கவும் கூடாது.

அங்கே அமைதியாக நின்று பாருங்கள். அவர்கள் எவ்வளவு கவனமாய்க் கை கழுவுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு வரும்போது, தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து நாம் போடும் சிலுவை அடையாளம் சிலுவையாக இருக்கிறதா, ஈ ஓட்டுவதுபோல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.