நிலத்தடியில் மாண்டவர்களும் ஐந்தாங் கற்பனையும்



பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்துமசோதனை செய்யும்போது, ஐந்தாங் கற்பனை வந்ததும் நம்மில் அநேகர், "நான் யாரையும் கொல்லவில்லையே" என்று சட்டெனத் தாண்டிப் போய்விடுகிறோம். கத்தி எடுத்தவன் மாத்திரமா கொலைகாரன்? ஆபத்து உண்டென்று அறிந்தும், செலவுக்குப் பயந்து, அயலானை அதற்குள் அனுப்புகிறவன் யார்? இதற்கு விடை தேட, இந்த வாரம் உங்களை இங்கிலாந்து தேசத்தின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் அழைத்துப் போகிறேன்.

1812-ம் வருடம் மே மாதம் 25-ந் தேதி. வட இங்கிலாந்தில் பெல்லிங் என்னும் ஊர்ச் சுரங்கத்தில், காலை பதினொன்றரை மணியளவில், நிலக்கரியிலிருந்து கசியும் எரிவாயு தீப்பற்றி வெடித்தது. கரித்தூள் வானத்தில் எழும்பி, பக்கத்திலுள்ள ஹீவொர்த் கிராமத்தைப் பட்டப்பகலில் அந்திநேரம்போல் இருளாக்கிற்று. உள்ளே இருந்தவர்களில் 92 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்கள் பலர். தீயை அணைக்க வேறு வழி காணாமல் குழியின் வாயை அடைத்தார்கள். பெண்சாதிகளும் தாய்மார்களும் ஆறு வாரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஜூலை மாதத்தில்தான் பிரேதங்களை எடுக்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் வரையிலும் அந்த வேலை நீடித்தது.

அக்காலத்தில் இப்படிப்பட்ட விபத்துகள் வெளியே பரவுவதை முதலாளிகள் விரும்பவில்லை. இறந்தவர்களைப் புதைப்பார்கள், வேலை தொடரும், அவ்வளவுதான். ஆனால் ஹீவொர்த்தில் ஜான் ஹாட்ஜ்சன் என்றொரு குரு இருந்தார். அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்ல, ஆங்கிலிக்கன் சபையார். ஆயினும் அவர் செய்த காரியம் எந்தக் குருவுக்கும் படிப்பினையாகும். தம் கைகளால் அடக்கம் செய்தவர்களின் பெயர், வயது, வேலை ஆகியவற்றை எழுதி, விபத்து நடந்த விதத்தையும் விவரித்து, முதலாளிகளின் மனத்தாங்கலைப் பாராமல் அச்சிட்டு வெளியிட்டார். கூலிக்கணக்கில் எண்களாயிருந்தவர்கள் அந்த ஏட்டில் பெயருள்ள மனிதர்களானார்கள். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிறார் என்று நாம் வாசித்ததில்லையா?

அந்த ஏடு வீண்போகவில்லை. 1813-ல் சுரங்க விபத்துகளைத் தடுக்க சண்டர்லாந்து பட்டணத்தில் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1815-ல் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி அழைக்கப்பட்டார். அவர் விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை ஒன்றை அமைத்தார். வலை சுடரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், உள்ளிருக்கும் நெருப்பு வெளியிலுள்ள வாயுவைப் பற்றுவதில்லை. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதித்து அதன் பயனைக் கண்டார்கள். டேவி அதற்குக் காப்புரிமை வாங்கி லாபம் தேடவில்லை.

அத்துடன் துன்பம் தீர்ந்ததா? இங்கேதான், பிரியமானவர்களே, மனித இருதயத்தின் வஞ்சகத்தைப் பாருங்கள். விளக்கு வந்த பிறகும் வெடிவிபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. "இப்போதுதான் காப்பு விளக்கு இருக்கிறதே" என்று சொல்லி, வாயு மிகுதியென்று முன்பு கைவிட்ட இடங்களுக்கும் ஆட்களை அனுப்பினார்கள். உயிரைக் காக்க வந்த விளக்கு, அதிகக் கரி வெட்டுவதற்குச் சாக்காயிற்று. விளக்கை மாற்றிவிட்டார்கள்; இருதயத்தை மாற்றவில்லை.

குழந்தைகள் கதியைக் கேளுங்கள். சுரங்கத்தில் காற்று சரியான வழியில் ஓடுவதற்காக ஆங்காங்கே கதவுகள் உண்டு. கரிவண்டி வரும்போது கதவைத் திறந்து, போனதும் மூடுவதற்கு ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை வைத்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் இருட்டிலே தன்னந்தனியே உட்கார்ந்திருக்கவேண்டும். 1838-ம் வருடம் ஜூலை 4-ந் தேதி, யார்க்‌ஷயரில் ஹஸ்கர் என்ற சுரங்கத்தில், பெருமழையினால் ஆட்களைத் தூக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. பிள்ளைகள் சாய்வான வேறொரு பாதை வழியாய் வெளியேறப் பார்த்தார்கள். பெருகிவந்த ஓடை அதற்குள் பாய்ந்து, அவர்களைக் காற்றுக்கதவோடு சேர்த்து அடித்தது. 26 பிள்ளைகள் மாண்டார்கள். அவர்களில் 11 பேர் பெண்கள். அதன் பின்பே அரசாங்க விசாரணை நடந்து, 1842-ம் வருடச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது.

1862 ஜனவரி 16-ந் தேதி ஹார்ட்லி என்னும் இடத்தில், நீரிறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து குழிக்குள் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு ஒரே வழி. அது அடைபட்டு, 204 பேர் இறந்தார்கள். அவர்கள் உள்ளே கூடிச் செபித்தார்கள் என்பது, மாண்டவர் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தால் தெரியவந்தது. அதே வருடத்தில், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழிகள் இருக்கவேண்டுமென்று சட்டம் வந்தது. இரண்டாவது குழி வெட்டப் பணம் செலவாகும் என்பது அதற்கு முன்னும் எல்லாருக்கும் தெரியும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தார்கள். மாண்டவர்களின் குடும்பங்கள் அதைச் செலுத்தின.

1891-ல் பரிசுத்த பாப்பானவர் 13-ம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் நிருபத்தில், சுரங்கத்தில் உழைப்போரைத் தனியே குறிப்பிட்டு, வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவு அதன் நேரம் குறையவேண்டும் என்று போதித்தார். தொழிலாளியின் சரீரமும் ஆத்துமமும் விற்பனைச் சரக்கல்ல.

"சுவாமி, எங்களுக்குச் சுரங்கம் ஏது?" என்பீர்கள். கிணறு தூர்வார ஆள் கூப்பிடுகிறீர்களே, கயிற்றைச் சோதித்தீர்களா? கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவனை இறக்குகிறீர்களே, அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத விஷவாயு உண்டென்று அறியீர்களா? பாதுகாப்புச் சாதனமின்றி அப்படி இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். சர்வேசுரன் சமுகத்திலோ அது அதற்கு முன்பே பாவம். அவன் சம்மதித்துத்தானே இறங்கினான் என்று சொல்லாதீர்கள். பசியுள்ளவனுடைய சம்மதம் உங்கள் குற்றத்தைக் கழுவாது.

ஆகையால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களின் பெயரை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஏறும் ஏணியையும், பிடிக்கும் கயிற்றையும், தொடும் மின்கம்பியையும் உங்கள் சொந்தப் பிள்ளைக்கென்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளையை அனுப்பத் துணியாத இடத்துக்கு அயலான் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஞாயிறு பூசையில், நிலத்தடியில் மாண்ட சகல ஆத்துமங்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் வேண்டிக்கொள்ளுங்கள்.

காயீனிடம் கேட்ட கேள்வியை ஆண்டவர் நம்மிடமும் கேட்பார். அன்று நம் சகோதரனுடைய பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களாய் அவர் முன் நிற்போமாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு