விழுந்ததும் வீழ்த்தியதும்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பொலிஸ் விசாரணை. விசாரிக்கப்படுபவர் ஸ்பானிய மொழி பேசுபவர். விசாரிப்பவர் ஆங்கிலம் பேசுபவர். இருவருக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். படிக்கட்டில் ஒரு பெண் விழுந்தது எவ்வாறு என்பதே கேள்வி. "செ மெ கயோ" என்று மூன்றே சொற்களில் விடை வருகின்றது. "நான் அவளைக் கீழே போட்டேன்" என்று பொருள்படும் ஆங்கில வாக்கியமாக அது மாற்றப்படுகின்றது.

லூனா பிலிப்போவிச் என்னும் மொழியியலாளர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் இவ்வுரையாடலை எடுத்துக்காட்டியுள்ளார். மொழிபெயர்ப்பு என்றதும் இலக்கியச் சுவை பற்றிய விவாதமே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. ஓசை போயிற்றா, உவமை நின்றதா என்று வாதிடுவதோடு நாம் அமைந்துவிடுகின்றோம். ஆனால் பிறனுடைய வாய்ச்சொல்லை ஏந்திச் செல்பவன், சில வேளைகளில், அவனுடைய குற்றத்தையும் குற்றமின்மையையும் சேர்த்தே ஏந்திச் செல்கின்றான். அத்தகையவனுக்குரிய அறம் யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

அம்மூன்று சொற்களையும் முதலில் பிரித்து நோக்குவோம். "கயோ" என்பது விழுந்தது, விழுந்தான், விழுந்தாள் என்ற மூன்றுக்கும் பொதுவான வினைமுற்று. "செ" என்பது அந்நிகழ்ச்சி தானாகவே நிகழ்ந்தது என்பதைக் குறிக்கின்றது. "மெ" என்பதற்கு "எனக்கு" என்று பொருள். கையிலிருந்த கோப்பை நழுவி உடைந்தாலும், சொல்ல வந்த செய்தி மறந்துபோனாலும், புறப்படும் வேளையில் வீட்டுத் திறப்பை எடுக்கத் தவறினாலும், ஸ்பானிய மொழி பேசுவோர் இந்த அமைப்பையே இயல்பாகக் கையாளுகின்றனர். திறப்பு எனக்கு மறந்துபோயிற்று, கோப்பை எனக்கு உடைந்துபோயிற்று என்பது போன்ற நடை அது. தமிழ் வாசகனுக்கு இது புதுமையன்று. "கைதவறி விழுந்துவிட்டது" என்று நாமும் கூறுகின்றோம். உடைந்தது, உடைத்தேன் என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன்வினை, பிறவினை என்று பள்ளி மாணவனும் அறிவான்.

ஆங்கிலத்தின் வழக்கம் வேறு. கோப்பை கைதவறி விழுந்தாலும் "நான் கோப்பையைப் போட்டேன்" என்றே ஆங்கிலேயன் இயல்பாகச் சொல்வான். வேண்டுமென்று செய்தான் என்று எவரும் அதனைப் பொருள்கொள்வதில்லை. சமையலறையில் இதனால் தீங்கொன்றும் விளைவதில்லை. ஆனால், அதே வாக்கியம் பொலிஸ் பதிவில் ஏறும்போது அதன் இயல்பே மாறிவிடுகின்றது. செய்தவன் "நான்", செயல் "போட்டேன்", செய்யப்பட்டவள் "அவள்" என்று மூன்றும் வரிசையாக நிற்கின்றன. சட்டம் தேடுவதும் அம்மூன்றையுமே. மொழிபெயர்ப்பாளருக்கு வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை; ஆங்கில மரபுக்கு இயைந்த வாக்கியத்தை அவர் அமைத்தார், அவ்வளவே. மரபுக்கு இயைந்ததாக இருந்ததனாலேயே பிழை எவர் கண்ணிலும் படாமற் போகின்றது.

மரபுத் தொடர்கள் யாவும் இத்தகைய ஆபத்தை உடையன அல்ல என்பதையும் சொல்லவேண்டும். எனக்குப் பசிக்கிறது என்பதை ஸ்பானிய மொழி "பசியை உடையேன்" என்று கூறும். ஆங்கிலம் "பசியாக இருக்கிறேன்" என்று கூறும். ஒருவனைக் கேலி செய்வதை ஸ்பானிய மொழி "மயிரைப் பிடித்தல்" என்னும். ஆங்கிலம் "காலை இழுத்தல்" என்னும். போலிப் பொருளைத் தலையிற் கட்டுவதை ஸ்பானியர் "முயலுக்குப் பதிலாகப் பூனையைக் கொடுத்தல்" என்பர். இவற்றை மொழிபெயர்ப்பவன் சொல்லை விட்டுப் பொருளைப் பற்றிக்கொள்வதே முறை. பூனையும் முயலும் வழியில் தொலைந்துபோனால் சுவை குன்றலாம்; எவனுக்கும் அநீதி நேர்ந்துவிடாது.

வேறு சில தொடர்களிலோ, வாக்கியத்தின் வடிவமே பொருளின் ஒரு பாகம். செயலுக்குரியவன் யார், எந்த அளவுக்கு உரியவன் என்பதை அவ்வடிவம் தாங்கி நிற்கின்றது. அங்கே வடிவத்தை மாற்றுவது சாட்சியத்தையே மாற்றுவதாகும்.

வடிவத்துக்கு இத்துணை வலிமை உண்டோ என்று ஐயுறுவோர்க்கு ஆய்வுகள் சில உள. கெய்ட்லின் ஃபோசி, லேரா பொரோடிட்ஸ்கி என்னும் இருவர் 2010 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உணவுச்சாலையொன்றில் தவறுதலாகத் தீப்பற்றிய கதையை ஆங்கிலம் பேசுவோருக்கு அவர்கள் இரு வகையாக எழுதிக் கொடுத்தனர். ஒன்றில் அப்பெண் துணியைப் பற்றவைத்தாள் என்றிருந்தது. மற்றையதில் துணி பற்றிக்கொண்டது என்றிருந்தது. நிகழ்ச்சி ஒன்றே. எனினும் முதல் வடிவத்தைப் படித்தவர்கள் அவள்மீது கூடுதலான பழியைச் சுமத்தினர். கூடுதலான பணத்தையும் அவள் செலுத்தவேண்டும் என்றனர். அவ்விருவரே 2011 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு ஆங்கிலம் பேசுவோரையும் ஸ்பானிய மொழி பேசுவோரையும் ஒப்பிட்டது. வேண்டுமென்று செய்த செயல்களை இரு சாராரும் செய்தவனை முன்னிறுத்தியே விவரித்தனர். தற்செயலாக நேர்ந்தவற்றை விவரிக்கும்போதுதான் வேறுபாடு தோன்றிற்று. அங்கே ஆங்கிலம் பேசுவோர் செய்தவனைக் கூடுதலாகக் குறிப்பிட்டனர். அவன் யார் என்பதை நினைவில் வைத்திருப்பதிலும் அவர்களே முன்னின்றனர்.

இதிலிருந்து ஸ்பானிய மொழி பேசுவோர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர்கள் என்று முடிவுகட்டிவிடுதல் பெருந்தவறு. வேண்டுமென்று செய்ததைச் சொல்ல அம்மொழியில் வினைச்சொற்கள் ஏராளம் உள. எறிந்தவன் "எறிந்தேன்" என்றே சொல்வான். எறிந்ததற்கும் கைதவறியதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மொழி கூர்மையாகக் காக்கின்றது. அவ்வேறுபாட்டை அழிப்பது மொழிபெயர்ப்பே.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், "மெ" என்னும் அச்சிறு சொல் ஒரு தத்துவப் பிரச்சினைக்கே விடையாக அமைவதைக் காணலாம். பேசுபவன் "அவள் விழுந்தாள்" என்று மட்டும் கூறி ஒதுங்கிக்கொள்ளவில்லை. "எனக்கு" என்று தன்னையும் அந்நிகழ்ச்சியோடு பிணைத்துக்கொள்கின்றான். நான் கருதிச் செய்ததன்று. ஆயினும் எனக்குத் தொடர்பில்லாததுமன்று என்கின்றான். குற்றத்துக்கும் குற்றமின்மைக்கும் இடையே ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் நின்று அவன் பேசுகின்றான்.

பெர்னாட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவாசிரியர் 1976 ஆம் ஆண்டில் இந்த இடத்தையே ஆராய்ந்தார். தன்மீது தவறேதும் இல்லாமலே ஒரு பிள்ளையை வாகனத்தால் மோதிவிட்ட லொறிச் சாரதியை அவர் உதாரணமாகக் கொண்டார். அச்சாரதியின் துயரம் தெருவோரம் நின்று பார்த்தவனின் துயரத்தைப் போன்றதன்று. குற்றவாளியின் குற்றவுணர்வும் அன்று. அதனைச் சுட்ட வில்லியம்ஸ் ஒரு புதிய கலைச்சொல்லையே ஆக்கவேண்டியிருந்தது. கோப்பையைத் தவறவிட்ட ஸ்பானியத் தாயொருத்தி அந்நிலைக்குரிய இலக்கணத்தை நாள்தோறும் கையாளுகின்றாள். "நான் போட்டேன்" என்பது அவளைக் குற்றவாளி ஆக்குகின்றது. "விழுந்தது" என்பது அவளை வழிப்போக்கி ஆக்குகின்றது. இரண்டும் அவள் சொன்னவை அல்ல.

அவ்வாறாயின் மொழிபெயர்ப்பவன் செய்யவேண்டியது யாது? அவன் வெறும் குழாய். ஒரு புறத்தில் விட்ட நீரை மறுபுறத்தில் விடுவதே அவன் கடமை. கூட்டவோ குறைக்கவோ அவனுக்கு உரிமையில்லை என்று ஒரு சாரார் வாதிப்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. சொற்களின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்ளும்போதுதான் அது பொய்யாகின்றது. மூன்று ஸ்பானியச் சொற்களுக்கு "அவள் என் கையிலிருந்து தவறி விழுந்துவிட்டாள், நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்னும் நீண்ட ஆங்கில வாக்கியம் தேவைப்படலாம். சொல் கூடிற்று, பொருள் கூடவில்லை. அப்படியும் ஐயம் எஞ்சுமாயின், "இத்தொடருக்கு எமது மொழியில் நேர்ச்சொல் இல்லை, மீண்டும் கேட்டுத் தெளிய வேண்டும்" என்று வாய்திறந்து சொல்வதே நேர்மை.

மறுபுறத்தில் இன்னொரு சபலமும் உண்டு. எதிரே நிற்பவன் ஏழை, தன் நாட்டை விட்டுக் கூலிக்காக வந்தவன் என்ற இரக்கத்தால் அவன் சொல்லை மென்மையாக்கிவிடத் தோன்றும். அவன் "எறிந்தேன்" என்று கூறினால் "தவறி விழுந்தது" என்று மாற்ற மனம் தூண்டும். இதுவும் துரோகமே. விழுந்தவளும் ஏழையே, அவளுக்கும் நீதி வேண்டும். அன்றியும், ஒருமுறை இரக்கத்தால் திரித்தவனின் நேர்மையான மொழிபெயர்ப்பையும் பின்னர் எவரும் நம்பமாட்டார். நலிந்தோர்க்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கேட்கச் செய்வதாகும்.

ஆனால், பழி முழுவதையும் மொழிபெயர்ப்பவன் தலையிலேயே சுமத்துதல் தகாது. 1980 ஆம் ஆண்டில் புளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவன் உணர்விழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். கியூபாவிலிருந்து வந்த குடும்பத்தினர் "இந்தோக்ஸிகாதோ" என்ற சொல்லைக் கூறினர். உண்டதோ குடித்ததோ உடலுக்கு ஒவ்வாமற்போனதைக் குறிக்கும் சொல் அது. ஓசை ஒத்த ஆங்கிலச் சொல்லோ போதையேறியவனைக் குறிப்பது. போதைமருந்தை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டவன் என்றெண்ணி வைத்தியர்கள் சிகிச்சை செய்தனர். உண்மையில் அவன் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கைகளும் கால்களும் செயலிழந்தன. அவ்வழக்கில் உடன்பாடு காணப்பட்ட நட்டஈடு சுமார் 7 கோடியே 10 இலட்சம் டொலர் வரை செல்லக்கூடியது என்பர்.

அங்கே பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்படவேயில்லை. ஒரு சொல்லைத் திருப்பிக் கேட்பதற்கு வேண்டிய சில நிமிடங்களும் ஓர் ஊழியரின் சம்பளமும் மிச்சப்படுத்தப்பட்டன. இதுவே பிரச்சினையின் சமுதாய வேர். பொருள் விளங்காமற் போகும்போது அதன் விலையைச் செலுத்துபவன் எப்பொழுதும் அதிகாரமற்ற மொழியைப் பேசுபவனே. ஆகையால் பொருளை விளங்கிக்கொள்ளும் செலவை ஏற்கவேண்டியது அதிகாரம் உடைய தரப்பாகும். ஐக்கிய அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்களுக்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை வழங்க 1978 ஆம் ஆண்டில் சட்டமொன்று இயற்றப்பட்டது. அது கருணையால் அளித்த சலுகையன்று. நீதிமன்றம் தன்னை நீதிமன்றம் என்று அழைத்துக்கொள்வதற்குக் கொடுக்கவேண்டிய விலை.

மரியாதைச் சொல்லொன்றும் இவ்விடத்தில் சிறிதன்று. சூசன் பெர்க் செலிக்ஸன் என்ற ஆய்வாளர் அந்நாட்டு நீதிமன்றங்களில் ஸ்பானிய மொழிபெயர்ப்பை ஆராய்ந்து 1990 இல் ஒரு நூல் வெளியிட்டார். சாட்சி கூறிய "ஐயா" போன்ற பணிவுச் சொற்களை மொழிபெயர்ப்பாளர் காத்துக் கொடுத்தபோது, ஜூரிமாராக நடித்தோர் அச்சாட்சியை நம்பத்தக்கவராகவும் அறிவுடையவராகவும் மதித்தனர். அவை விடுபட்டபோது மதிப்புக் குறைந்தது. சாட்சி அறியாமலே அவர் ஒழுக்கமும் அறிவும் இன்னொருவர் வாயில் ஏறி இறங்கின.

சேர்வாந்தேஸின் டொன் கிஹோத்தே நாவலை 1612 ஆம் ஆண்டில் தோமஸ் ஷெல்ற்றன் முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் தவறவிட்டதை 1885 இல் ஜோன் ஓம்ஸ்பி திருத்த முயலலாம். ஓம்ஸ்பி தவறவிட்டதை 2003 இல் ஈடித் குறொஸ்மன் திருத்த முயலலாம். சேர்வாந்தேஸ் காத்திருப்பார். சிறையிலிருப்பவன் நானூறு ஆண்டு காத்திருக்க மாட்டான். வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவன் நானூறு நிமிடமும் காத்திருக்க மாட்டான். அவர்களுக்கு முதல் மொழிபெயர்ப்பே இறுதி மொழிபெயர்ப்பு.

ஒருவர் தம் தாய்மொழியில் கூறிய வாக்குமூலம் தமக்கு வாசிக்கத் தெரியாத இன்னொரு மொழியில் எழுதப்பட, அதன் கீழே கையொப்பமிடுவது எத்தகையது என்பதை இந்நாட்டு வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. காகிதத்தில் இருப்பது தம் சொல்தானா என்று அறிய அவருக்கு வழியில்லை. நடுவே நிற்பவரின் நேர்மை ஒன்றே அவருக்குத் துணை. விழுந்ததை விழுந்தது என்றும், வீழ்த்தியதை வீழ்த்தினேன் என்றும், இரண்டுக்கும் நடுவே நின்று ஒருவன் "எனக்கு" என்று தயங்கினால் அத்தயக்கத்தையும் கொண்டுசேர்ப்பதே அந்நேர்மை.