உழைப்பாளர் நடுவே குருமார்

சமயம் பரப்புதல் என்பது கடல்கடந்து பிறநாட்டார்க்குச் செய்வதொன்றென்றே ஐரோப்பியத் திருச்சபையார் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1943 ஆம் ஆண்டிற் கோதேன், தானியேல் என்னும் குருமார் இருவர், பிரான்சு தேயமே சமயம் பரப்பற்குரிய நாடாயிற்றோ என வினவி ஒரு நூல் வெளியிட்டனர். கோயில் மணியோசை கேட்கும் எல்லையில் வாழ்ந்தும், ஆலைத்தொழிலாளர் அச்சமயத்துக்கு முற்றும் அயலாராயினர் என்பதே அதன் கருத்து. பாரிசு நகர்ப் பேராயர் கர்தினால் சுகார் அந்நூலாற் பெரிதும் நெஞ்சு கலங்கி, அவ்வாண்டிலேயே 'பாரிசு மிஷன்' என்னும் குழுவை நிறுவினார்.

பின்னர்க் குருமார் சிலர் நீளங்கி களைந்து, ஆலைகளிலும் துறைமுகங்களிலும் கூலியாட்களாய்ப் புகுந்தனர். மாற்றப் புகுந்தவருட் பலர் தாமே மாறினர். பொதுவுடைமையாளர் செல்வாக்கு மிக்க தொழிற்சங்கங்களிலும் சேர்ந்தனர். உரோமாபுரித் தலைமை அஞ்சிற்று. 1954 மார்ச்சு முதல் நாளுக்குள் ஆலைவேலையை விடுமாறு கட்டளை பிறந்தது. ஏறத்தாழ நூற்றுவரிற் பாதிக்கு அணித்தானோர் பணிந்திலர்.

பணியாதார் வாக்குப் பிழைத்தனரோ? குருப்பட்டம் பெறுங்கால் கீழ்ப்படிவேம் என உறுதி கூறியது மெய்யே. ஆயினும், 'உம்மோடிருப்பேம்' என்று வாயாற் கூறாது தோள்கொடுத்துச் செய்த உறுதியும் ஒன்றுண்டன்றோ? நாள்முழுதும் உழைப்பவன் வழிபாட்டுக்கும் செபத்துக்கும் பொழுதின்றி நாளடைவிற் குருவாயிரான் என்ற திருச்சபையின் அச்சம் முற்றும் காரணமற்றதன்று. என்றாலும், வேண்டும்பொழுது எழுந்துபோதற்கு வேறு மனையுடையான், போக்கிடமில்லாரோடு கூடி உழைத்தல் எங்ஙனம் உடனுழைத்தலாகும்? இவ்விடர்ப்பாட்டைக் கட்டளை தீர்த்திலது.

1959 இல் மேலும் இறுகிய அத்தடை, 1965 இல் வத்திக்கான் சங்கம் முடியுந்தறுவாயில் நீங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆலையை விடாது நின்றாரைப் பிழைத்தாரென்றல் அதன்பின் எளிதாயிலது.