பூஞ்செடி வளர்ப்பது வீண்செயலா?

இல்லறத்தாராகிய நமக்குக் கொல்லாமை முழுவதுமாகக் கைகூடுவதன்று. உழுவதும் சமைப்பதும் மனை கட்டுவதும் சிற்றுயிர்களுக்கு ஊறு செய்தே நடைபெறுகின்றன. ஆதலால்தான் துறவியர்க்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் என நம் ஆசாரியர்கள் வகுத்தருளினர். உணவுக்காக நெல் விளைவிப்பதில் நேரும் இம்சை தவிர்க்க இயலாதது. ஆனால் பசியைத் தீர்க்காத பூஞ்செடி ஒன்றிற்காக மண்ணைக் கொத்துவது தகுமா? ஏற்காட்டில் வாழும் என்னிடம், கல்லூரியில் பயிலும் என் பேத்தி எழுப்பிய வினா இது. எளிதாகத் தள்ளிவிடக் கூடிய வினாவன்று.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டகமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்குவன. அனர்த்ததண்ட விரதத்தைக் கூறுமிடத்தில் இரத்தினகரண்டகம், பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று பெயரிட்டு விலக்குகிறது. இங்கே 'பயனின்றி' என்னும் சொல்லே உயிர்நாடி. பயன் என்பது வயிறு நிரம்புவது மட்டுந்தானா? அன்றி, மனம் நாடுவதெல்லாம் பயனாகிவிடுமா? இவ்விரண்டிற்கும் இடையே நாம் நிற்கவேண்டிய இடம் எது?

நான் வளர்க்கும் செடியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அது ரோஜா மணம் கமழும் ஜெரானியம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 5000 அடி உயரத்திலுள்ள இச்சேர்வராயன் மலையின் தட்பவெப்பம் அதற்கு உகந்தது. தென்னாப்பிரிக்கா அதன் தாயகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஏற்காட்டில் அதனை நட்டார் என்றும், நம் நாட்டில் அதன் சாகுபடி இங்கிருந்தே தொடங்கிற்று என்றும் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. இரண்டு மூன்று அடிக்கு மேல் உயராமல் படர்ந்து நிற்கும். இளஞ்சிவப்பான சிறு பூக்கள் பூக்கும். மணமோ பூவில் அன்று, இலையில் உள்ளது.

செண்டுமல்லி, காசித்தும்பை போன்றவை ஒரு பருவம் பூத்து மடிவன. அடுத்த பருவத்திற்கு மீண்டும் மண்ணைக் கொத்தவேண்டும். கொத்துந்தோறும் மண்புழுக்கள் வெட்டுண்ணும். எறும்புப் புற்றுகள் சிதையும். புழுவுக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் வரிசை. ஜெரானியமோ ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் நிலைத்து நிற்கும் பல்லாண்டுச் செடி. நான்கு கணுக்களுள்ள தண்டுத் துண்டே நடுவதற்குப் போதும். அதன்பின் ஆண்டுதோறும் மண்ணைப் புரட்ட வேண்டுவதில்லை. நெருங்கிப் படர்ந்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் சரிவிலுள்ள மண் கரைந்தோடுவதும் குறையும். வேரடியில் நீர் தேங்கினால் மட்டும் செடி வாடும். முதலிலேயே மேட்டுப்பாத்தி அமைத்து நீர் வடியச் செய்தால், பின்னர் நஞ்சு தெளிக்கும் தேவை பெரும்பாலும் எழாது. முன்யோசனையும் அஹிம்சையின் ஓர் அங்கமே.

இனி, வெட்டுவதைப் பற்றிக் காண்போம். நாவல் மரத்தடியில் பசியோடு நின்ற அறுவர் கதையை நம் குழந்தைகள் அறிவர். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க நினைத்தான்; மற்றவர்கள் முறையே அடிமரம், பெருங்கிளை, சிறுகிளை, பழம் என்று நினைத்தனர்; ஆறாமவன் கீழே உதிர்ந்த பழமே போதும் என்றான். ஆறு இலேசியைகளை விளக்க எழுந்த இக்கதையில் பசி அறுவர்க்கும் ஒன்றே, நினைப்பில்தான் வேறுபாடு. ஜெரானியத்திற்கும் இது பொருந்தும். ஒரு கிலோ எண்ணெய் வடிக்க ஏறத்தாழ ஆயிரம் கிலோ பசுந்தழை வேண்டும். அதனைப் பிழைப்பாகக் கொண்ட உழவரைக் குறைகூறுவது என் கருத்தன்று. ஆனால் நறுமணத்தை நுகர விரும்பும் நாம், அத்தனை தழையும் நமக்காக வெட்டப்பட வேண்டுமா என்று எண்ணிப் பார்க்கலாமே! மாலையில் செடியருகே நின்று இலையை மெல்லத் தடவினால், கிள்ளாமலே விரல்களில் மணம் நிறைகிறது. போகோபபோக பரிமாணம் என்று நாம் ஏற்கும் அளவு விரதத்தை இச்சிறு செயலிலும் பழகலாம்.

'அப்படியாயினும், பாத்தி அமைத்த நாளில் இறந்த உயிர்களுக்கு விடை என்ன?' என்றாள் பேத்தி. அதனை ஈடுசெய்து கணக்கை நேராக்க என்னால் இயலாது என்றே கூறினேன். செய்த நன்மையைக் காட்டி நேர்ந்த இம்சையை மறைப்பது அறமன்று. அதனை இம்சையென்றே ஒப்பி, பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்தி, மறுமுறை கொத்தும் தேவையைக் குறைத்துக்கொள்வதே நம்மால் ஆவது.

ஓரறிவுயிர் என்று நூலில் படிக்கின்றோம். அவ்வுயிர் வாடுவதையும் தளிர்ப்பதையும் நாள்தோறும் கண்டு பேணும்போதுதான் அச்சொல் நம் உள்ளத்தில் பதிகிறது. நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்த எனக்கு, பூஞ்செடியின் முதற்பயன் இதுவென்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பயனுக்கு ஒரு செடியே போதும். தோட்டம் முழுவதும் வேண்டுவதில்லை. ஆகவே, அன்பு நிறைந்த சகோதர சகோதரிகளே, மண்வெட்டியை எடுக்குமுன் எதற்காக என்று கேளுங்கள். எவ்வளவு என்றும் கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு விடை இல்லையேல், முதற்கேள்விக்கு நாம் கூறும் விடை வெறும் சாக்காகிவிடும்.