மகிழ மரத்தடிச் சத்தியம்

(சிலமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிலமலைப் பெரியோர்களே, தாய்மார்களே! மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களும், விடியுமுன் ஜீப் ஏறி அந்தத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் மகனோ மகளோ மனசுக்குப் பிடித்தவரின் பேரைச் சொல்லட்டும், பந்தல் இரண்டாகிவிடும். இல்லாத வீட்டில், "எப்படிப் பிழைப்பீங்க?" என்பார்கள். வசதியான வீட்டில், "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்பார்கள். அந்த நாலு பேரைச் சட்டை செய்யாத ஒருவர் இருக்கிறார். அவர் திருவாரூரில் தியாகராஜராக இருக்கும் சிவன். அவருடைய தோழர் சுந்தரரின் கதையைக் கேளுங்கள்.

சுந்தரர் திருநாவலூரில் ஆதிசைவர் குலத்தில் பிறந்தவர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையை நரசிங்கமுனையரையர் என்ற குறுநில மன்னர் கேட்டு வாங்கி அரண்மனையில் வளர்த்தார். குலமும் பெரிது, வளர்ந்த இடமும் பெரிது. அதற்கேற்பப் புத்தூர் சடங்கவி சிவாச்சாரியார் மகளைப் பேசி முடித்தார்கள். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர், சுந்தரர் தனக்கு அடிமை என்று காட்டும் ஓலையோடு வந்து கல்யாணத்தை நிறுத்தினார். வந்தவர் சிவன்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

அதே சிவன் ஆரூரில் என்ன செய்தார்? அங்கே சுந்தரர் விரும்பிய பரவையார், கோயிலில் ஆடிப்பாடும் உருத்திர கணிகையர் குலத்தவர். 'அவளைச் சுந்தரனுக்கு மணம் முடித்து வையுங்கள்' என்று அடியார்களின் கனவில் போய்ச் சொன்னார். பிறகு திருவொற்றியூரில் சுந்தரர் விரும்பிய, பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியார் வேளாளர் வீட்டுப் பெண். அங்கேயும் சாமிதான் தரகர்! 12-ஆம் நூற்றாண்டில், இந்தக் கதையைப் பாடிய, சோழனின் அமைச்சராக இருந்த சேக்கிழார் இதில் எதையும் மூடி மறைக்கவில்லை.

இளவட்டங்களே, துள்ள வேண்டாம். இருவருடைய குலமும் ஒன்றா என்று கேட்காத சாமி, சங்கிலிக்காக ஒன்றைக் கேட்டு வாங்கினார். 'உன்னைப் பிரியேன்' என்ற சத்தியம் அது. மகிழ மரத்தடியில் செய்த அந்தச் சத்தியத்தை மீறிச் சுந்தரர் ஆரூருக்குக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. தோழன் என்றும் சிவன் பார்க்கவில்லை. சாதியைப் பார்க்காத கடவுளுக்கு வாக்கு அவ்வளவு பெரிது.

நம் காலத்துப் பெரியவர்களும் இப்படி நடந்திருக்கிறார்கள். ராஜாஜி மகள் லட்சுமியும் காந்தி மகன் தேவதாஸும் விரும்பினார்கள். பெண் பிராமணர், பிள்ளை வணிகர் குலம். இரண்டு தகப்பன்மார்களும் கதவைச் சாத்தவில்லை. ஐந்து வருஷம் பார்க்காமல் இருங்கள், அப்போதும் மனம் மாறாவிட்டால் நடத்தி வைக்கிறோம் என்றார்கள். மனம் மாறவில்லை. 1933 ஜூனில் புனேயில் கல்யாணம் நடந்தது. சோதித்தது உறுதியை; சொன்ன சொல்லைப் பெரியவர்களும் காப்பாற்றினார்கள்.

போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் காயின் பருமனையும் பச்சையையும் பார்த்து விலை கேட்கிறோம். எந்தச் சாதிக்காரர் கை பறித்த காய் என்று யாரும் விசாரிப்பதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் அந்த விசாரணை?

வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்யும் கல்யாணத்தில் குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ குறுக்கிட உரிமையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டுமா? பெற்றவர்களே, வருகிற பிள்ளையின் குணத்தை விசாரியுங்கள், குலத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகளே, கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றுங்கள்.