போய்ப் பார், உன் பெயரில் எழுது

துணைக்கு யார் வருகிறார்கள்? ராத்திரி எங்கே தங்குவாய்? இதையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

விலங்கியல் படிக்கும் பெண், தவளைகளை ஆராய ஆனைமலைக் காட்டில் சில நாள் தங்கப் போகிறேன் என்றால் வீட்டில் எழும் கேள்விகள் இவை. நிலவியல் படிப்பவள் பாறை பார்க்க மலையேற வேண்டும் என்றாலும், கடலியல் படிப்பவள் ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது என்றாலும் இதே கேள்விகள்தான். கேட்பவர்கள் உன் எதிரிகள் இல்லை. உன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், பயந்துபோய்க் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் தங்கையே, அவர்கள் பயம் தீரட்டும், பிறகு கிளம்பலாம் என்று நீ உட்கார்ந்துவிட்டால் அது தீரவே தீராது. அறிவியலுக்காக ஊர்விட்டு ஊர் போன பெண்களின் கதைகளைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். எல்லாரும் சம்மதித்த பிறகு நிம்மதியாகப் புறப்பட்ட ஒருத்தியைக்கூட நான் கண்டதில்லை.

1699-ஆம் ஆண்டு மரியா சிபில்லா மேரியன் ஹாலந்திலிருந்து தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். வயது 52. கணவரைப் பிரிந்தவர். கூட வந்தது இளைய மகள் டொரோதியா மட்டும். அவளுக்கு வயது 21. எந்த அரசனும் அவர்களை அனுப்பவில்லை. எந்தக் கம்பெனியும் செலவை ஏற்கவில்லை. தான் வரைந்த ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்தார். உயிரோடு திரும்புவோமா என்பது நிச்சயமில்லை என்பதால் உயிலும் எழுதிவைத்தார்.

எதற்காக இத்தனையும்? புழு பார்க்க.

ஆம், புழுதான். 1647-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்த மரியா, பதிமூன்றாவது வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அந்தச் சிறுமி யாரிடமும் போய் வாதாடவில்லை. புழுக்களைப் பெட்டிகளில் வைத்து வளர்த்தாள். எந்தப் புழு எந்த இலையைத் தின்னும், எத்தனை முறை தோலுரிக்கும், எப்போது கூடு கட்டும், கூட்டைக் கிழித்துக்கொண்டு எது வெளியே வரும் என்று நாள் தவறாமல் பார்த்துக் குறித்தாள். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன, நியூரம்பர்க்கில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தாள். புழுப்பெட்டிகளை மட்டும் விடவில்லை.

1679-இல் அவருடைய முதல் புழுப் புத்தகம் வெளிவந்தது. ஐம்பது படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செடி. அந்தச் செடியின்மேல் அதைத் தின்னும் புழு, அதன் கூடு, அதிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சி. ஓர் உயிரையும் அது சார்ந்து வாழும் செடியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை இன்று பள்ளிப்பிள்ளைக்குச் சூழலியல் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தச் சொல் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே அவர் அதை வரைந்துவிட்டார். இன்னொன்றையும் கவனி. அறிஞர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தபோது மேரியன் ஊர் மக்கள் படிக்கும் ஜெர்மன் மொழியில் எழுதினார். கண்டதைத் தன் தெருவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் துணிந்தது, அவர் கப்பலேறிய துணிச்சலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்பேன்.

சூரினாமில் வெயில் அவரை வாட்டியது. உயிர் போய்விடுமோ என்ற அளவுக்கு அந்த வெக்கை இருந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கே டச்சுத் தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பு ஒன்றே தெய்வம். சர்க்கரையைத் தவிர வேறெதையோ தேடி அலையும் இந்தப் பெண்ணைப் பார்த்து அவர்கள் கேலி செய்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் காட்டுக்குள் போனார். நோய் வீழ்த்தவே 1701-இல் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் கொண்டுவந்த ஓவியங்களும் குறிப்புகளும் 1705-இல் அறுபது படங்களுடன் பெரிய புத்தகமாயின. டச்சிலும் லத்தீனிலும் தன் சொந்தச் செலவில் வெளியிட்டார். பின்னாளில் இயற்கையியலாளர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டியபோது மேரியனின் படங்களை ஆதாரமாகக் கொண்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம்: கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி, சின்னஞ்சிறு ஓசனிச்சிட்டைப் பிடித்துத் தின்கிறது. சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது என்று பின்னால் வந்த ஆண் அறிஞர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள். 1863-இல் ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ், அமேசான் காட்டில் பறவைகளைக் கொன்ற சிலந்தியைத் தானே கண்டதாக எழுதினார். அதன் பிறகுதான் வாய்கள் மூடின. மேரியன் இறந்து அப்போது 146 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு பூச்சியின் தலை இரவில் ஒளிவிடும் என்று எழுதினார். அப்படி ஒளிவிடுவதில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் என்ன? அந்த ஒரு தவறு மற்ற படங்களை அழித்துவிட்டதா? ஒரு தப்பு வந்துவிடுமோ என்று நடுங்கி, கண்டதையே எழுதாமல் வைத்திருக்கும் பெண்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

நம் வீட்டு வாசல்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையை மேரியன் சூரினாமில் வரைந்தார். படத்தோடு அவர் எழுதிய குறிப்பு நெஞ்சைப் பிளக்கும். தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த பெண்கள், தங்கள் பிள்ளை அடிமையாகப் பிறக்கக் கூடாது என்று இதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள். அதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள் என்று பதிவு செய்கிறார். கரும்புக் கணக்கு எழுதும் முதலாளியிடம் அந்தப் பெண்கள் இதைச் சொல்லியிருப்பார்களா? கேட்க ஒரு பெண் போயிருந்ததால், அவர் உட்கார்ந்து கேட்டதால், மூன்று நூற்றாண்டு கடந்து அந்தத் துயரம் நமக்குத் தெரிகிறது. அதே நேரம் ஒன்றை மறைக்கக் கூடாது. காட்டில் மேரியனுக்கு வழி வெட்டிக்கொடுத்தவர்களும் அடிமைகள்தான். பழங்குடிப் பெண் ஒருத்தியையும் தன்னோடு ஹாலந்துக்கு அழைத்துப்போனார். அவர்கள் யாருடைய பெயரும் புத்தகத்தில் இல்லை.

பெயர் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ழான் பாரே என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதை சொல்லும். ஏழை வீட்டில் பிறந்தவள். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறத் தடை இருந்ததால் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆண் வேடமிட்டு, தாவரவியலாளர் கொம்மெர்சோனின் உதவியாளாக 1767-இல் புறப்பட்டாள். அவர் உடல்நலம் குன்றியவர். கனமான சுமைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறிச் செடி பறித்தவள் அவளே. உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவளைக் கொண்டாடுகிறோம். சேர்ந்து திரட்டிய ஆயிரக்கணக்கான செடிகளின் பெருமை முழுதும் அந்த ஆணுக்கே போயிற்று. அவள் கைப்பட எழுதிய பயணக் குறிப்பு எதுவும் வெளிவரவில்லை. ஒரு செடிக்கு முறையாக அவள் பெயரைச் சூட்ட 2012 வரை ஆயிற்று. போனாள், பார்த்தாள், சுமந்தாள். எழுதும் இடத்தில் அவளை உட்காரவிடவில்லை. உனக்கு அந்தத் தடை இல்லை. பிறகும் ஏன் உன் உழைப்பை வேறொருவர் பெயருக்குக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறாய்?

வெளிநாட்டுக்காரிகள், அவர்களுக்கு எல்லாம் முடியும் என்று முணுமுணுக்காதே. 1897-இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். பேசிவைத்த கல்யாணத்தை ஒதுக்கிவிட்டு, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1931-இல் முனைவர் பட்டம். கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சியில் இறங்கினார். தனியாக வாழும் பெண் என்பதும் பிறந்த சாதியும் அங்கே அவருக்கு எதிராக நின்றன என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுருண்டு படுத்தாரா? லண்டனுக்குப் போனார். குண்டு மழை பொழிந்த உலகப்போர்க் காலத்தில் அங்கே செடிகளின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945-இல் சக ஆய்வாளர் டார்லிங்டன் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்து வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில், உதவியாளர் என்று எங்கோ மூலையில் இல்லாமல். எண்பது வயதைத் தாண்டியும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் போராட்டத்தில் குரல் கொடுத்தார். சென்னையை ஒட்டிய மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்து 1984-இல் மறைந்தார்.

இயற்பியலாளர் அன்னா மாணி இன்னும் ஒரு படி மேலே. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக்கொடுங்கள் என்று கேட்ட பெண். பிறகு சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் அதே வைரங்களின்மேல் மணிக்கணக்கில் ஒளி பாய்ச்சி ஆராய்ந்தார். தனி ஆசிரியராகக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்தார்கள். அவர் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. அதே ஆண்டு லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றார். திரும்பி வந்து அவற்றை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். வெயில் எங்கே எவ்வளவு விழுகிறது, காற்று எங்கே எவ்வளவு வீசுகிறது என்று நாடெங்கும் அளந்து நூல்களாகத் தந்தார். காற்றுக் கணக்கு நூல் வந்தது 1983-இல். ஆரல்வாய்மொழிப் பக்கம் பேருந்தில் போகும்போது காற்றாலைகளைப் பார்ப்பாய் அல்லவா? இந்த நாட்டின் காற்றை முதலில் நம்பிக் கணக்கெடுத்தவர்களில் பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண் இருக்கிறார்.

அந்த 1983-இன் இறுதியில்தான் சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்த்தும் அண்டார்டிகாவில் கால் வைத்தார்கள். அங்கே போன முதல் இந்தியப் பெண் அறிவியலாளர்கள். சுதீப்தா நிலவியலாளர், மலையேற்றம் பயின்றவர். திரும்பி வந்த பிறகு அந்தப் பனிக்கண்டத்தைப் பற்றித் தன் தாய்மொழியான வங்காளத்தில் புத்தகம் எழுதினார். ஆய்வுக்கட்டுரை நிபுணர்களுக்குப் போகட்டும். ஊரில் இருக்கும் பள்ளிப்பெண்ணுக்கு யார் சொல்வது? அவர் சொன்னார்.

நான் உன்னிடம் கேட்பதும் இதுதான். போ, ஆனால் ஏற்பாட்டோடு போ. எங்கே தங்குகிறாய், யாரோடு போகிறாய், அவசரமென்றால் யாரை அழைப்பது என்பதை எழுதி வீட்டில் கொடு. பெற்றோரே, அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அவள் பேராசிரியரிடம் பேசுங்கள். பிறகு பயணச்செலவைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் மகனிடம் இதில் பாதிக் கேள்வியைக்கூட நீங்கள் கேட்பதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அண்டார்டிகா தொலைவில் இருக்கிறது என்றால் பாம்பனுக்குப் போ. அங்கே மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி எங்கே வளரும், கட்டக்கோரை எப்போது மண்டும், எந்த நாளில் நீர் எப்படி ஓடும் என்பது அவர்களுக்கு அத்துபடி. கடலியல் படிக்கும் தமிழ்ப்பெண்ணே, உன் பாடப்புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் உட்கார், கேள், நீரில் இறங்கிப் பார். கண்டதைத் தமிழில் எழுது. அறிவியலுக்குத் தமிழ் போதாது என்பவனின் பேச்சைக் காதில் வாங்காதே. மேரியன் செய்யத் தவறியதை நீ செய்: உனக்குச் சொல்லிக்கொடுத்த பெண்களிடம் சம்மதம் கேட்டு அவர்கள் பெயர்களையும் எழுது. எழுதி முடித்ததும் யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காமல் பத்திரிகைக்கு அனுப்பு, பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசு. திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி அனுப்பு. எழுதியவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரைப் போடு.