சுவருக்கு நியாயம், முகத்துக்கு அநியாயம்

ஃபோட்டோவைச் 'சரி பண்ணுவது' என்கிறோம். யாருக்குச் சரி?

டார்க்டேபிளில் லென்ஸ் திருத்தத்தை இயக்கினால் அது லென்ஸ்ஃபன் என்ற திறந்த தரவுத்தளத்தைப் பார்க்க முடியும். எந்த லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது, ஓரத்தை எவ்வளவு இருட்டாக்குகிறது என்று தன்னார்வலர்கள் அளந்து கொடுத்த எண்கள் அதில் இருக்கின்றன. வளைந்த சுவர் நேராகிவிடும். ஆனால் ஃபிஷ்ஐ படம் ஒன்றை இப்படி நேராக்கிப் பாருங்கள். ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுப் போகும். அகலமான காட்சியைத் தட்டையாக விரிக்கும்போது கோட்டின் நேரையும் முகத்தின் வடிவத்தையும் சேர்த்துக் காப்பாற்றக் கணிதம் விடாது.

நிறத்திலும் இதே கதைதான். கேமரா பிடித்ததெல்லாம் அச்சில் அடங்காது. 1993இல் உருவான ஐசிசியின் விதிகளில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்'கில், எல்லைக்குள் இருக்கும் நிறங்கள் பிழைக்கும். வெளியே இருப்பவை எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்குள் இருந்த வேறுபாடு போச்சு. 'பெர்செப்சுவ'லில் எல்லா நிறங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், உறவு பிழைக்கும்.

சிலர் முழுசா இழப்பதா, எல்லோரும் கொஞ்சம் இழப்பதா? இது நிறத்தைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை. இதற்குப் பொதுவான விடையும் இல்லை. கட்டடம் என்றால் நான் சுவர் பக்கம். குடும்பப் படம் என்றால் முகத்தின் பக்கம்.

திறந்த மென்பொருள் நமக்கு உண்மையைத் தருவதில்லை. தேர்வை ஒளிக்காமல் கையில் கொடுக்கிறது. அதன் பிறகு, எதை இழந்தோம் என்று தெரியாது என்று நாம் சொல்ல முடியாது.